முன்னாள் படைவீரரின் ஐரோப்பியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்ற ராணுவப் பொறியியல் பிரிவில் 28 ஆண்டு வேலை பார்த்து, சுபேதாராக வீடு வந்தவன் நான். ஊர் வேலூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் பென்ஷன் புத்தகம் இருக்கும். நானும் என் மனைவியும் பதினாறு நாள் ஐரோப்பா போய் வந்த பிறகு, கேண்டீன் வரிசையிலும் பாலிகிளினிக் பெஞ்சிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட, ஒரு முறை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஐரோப்பாவில் நம் எக்ஸ்-சர்வீஸ்மேன் அட்டைக்குச் சலுகை உண்டா?

கிட்டத்தட்ட இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு ஏமாற்றம் வராது. அங்கே 'வெட்டரன்' என்று எழுதிய சலுகைகள் அந்தந்த நாட்டுப் படையில் இருந்தவர்களுக்கானவை. பிரிட்டனில் 2020 நவம்பரிலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு ரயில் தள்ளுபடி அட்டை இருக்கிறது. அது பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களுக்கு. நம் டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டி வாங்க முடியாது.

ஆனால் வயதுக்குச் சலுகை உண்டு, அதற்கு எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி இல்லை. பிரிட்டனில் 60 நிறைந்த யாரும் மூத்தோர் ரயில் அட்டை வாங்கலாம், பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பல நாடுகளை ரயிலில் சுற்ற யூரெயில் பாஸ் எடுப்பவர்களுக்கு 60 வயதானால் 10 சதவீதம் குறைவு. லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே எல்லோருக்கும் இலவசம். போர்க் கல்லறைகளுக்கு எங்கும் கட்டணம் கிடையாது. லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியமும் இலவசம்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டிராவல் ஏஜெண்ட், "மிலிட்டரிக்காரங்களுக்கு ஸ்பெஷல் ரேட்" என்று என்னிடம் விலை சொன்னார். பக்கத்து வீட்டு வாத்தியாரை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவருக்கும் அதே ரேட்.

அமெரிக்க முன்னாள் வீரர்கள் ராணுவ விமானத்திலேயே ஜெர்மனிக்கு இலவசமாகப் போகிறார்களாமே? நமக்கு அப்படி இல்லையா?

அவர்களுக்கு உண்டு, ஆனால் வீடியோவில் காட்டுகிற அளவுக்கு எளிதல்ல. பணி முடித்து ஓய்வூதியம் பெறுகிறவர்கள், ராணுவ விமானத்தில் இடம் மீந்தால் ஏறிக்கொள்ளலாம். ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்கு அப்படித்தான் போகிறார்கள். முன்னுரிமையில் ஆறு வகைகள் வைத்திருக்கிறார்கள், ஓய்வூதியர் கடைசியான ஆறாவது வகை. போகும்போது இடம் கிடைத்தவருக்குத் திரும்பி வரவும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. மாட்டிக்கொண்டால் கையிலிருந்து டிக்கெட் வாங்கித்தான் வீடு திரும்ப வேண்டும்.

நம் விமானப்படையில் ஓய்வூதியர்களை ஐரோப்பாவுக்கு ஏற்றிப் போகும் ஏற்பாடு கிடையாது.

நம் நாட்டில் கிடைக்கும் பயணச் சலுகைகள் இந்தப் பயணத்துக்கு உதவுமா?

டெல்லியோ மும்பையோ போய் விமானம் பிடிக்கும் வரைக்கும் கொஞ்சம் உதவும். சில விமான நிறுவனங்கள் உள்நாட்டுப் பாதைகளில் முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணம் குறைக்கின்றன. அடையாள அட்டையை செக்-இன் கவுண்டரில் காட்ட வேண்டும், மறந்தால் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

ரயிலில் நம்மைப் போன்ற சாதாரண ஓய்வூதியருக்கு 'முன்னாள் ராணுவம்' என்பதற்காக மட்டும் தள்ளுபடி இல்லை. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக், கீர்த்தி, சௌர்ய சக்ரா பெற்றவர்களுக்கு ஒரு துணையுடன் இலவசப் பயண அட்டை உண்டு. போரில் கணவரை இழந்தவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம் குறைவு இருந்தது. அதையும் மூத்த குடிமக்கள் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அது போனது பல பேருக்கு உண்மையிலேயே பெரிய இழப்பு.

வெளிநாடு போக யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பணியில் இருப்பவர் வாங்க வேண்டும். ஓய்வூதியர் சுற்றுலாப் போக அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டில் நமக்கென்று சிக்கல் வருமா?

வரும், அதுவும் பெயரில். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் வீட்டில் கூப்பிடுகிற பெயர். நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. ஆள் சேர்ப்பில் வடக்கத்தி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியதை முப்பது வருஷம் சுமந்திருப்போம். முதலில் இதைச் சரி செய்யுங்கள். ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பயணத்துக்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பியுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் எழுத உதவுவார்கள்.

இன்னொன்று, நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் போடும்போது குழப்பம் வரும். அப்பா பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுக்கொள்வது நல்லது. டிக்கெட், விசா, காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே எழுத்து.

பத்தாவது முடிக்காதவர்கள், பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை (ஈசிஆர்) முத்திரை இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். அந்தச் சோதனை 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் ஐரோப்பிய நாடு ஒன்றுகூட இல்லை.

விசா எப்படி?

ஷெங்கன் என்ற பொது விசா ஒன்று எடுத்தால் ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், இரவுகள் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டால் நிராகரித்துவிடுவார்கள்.

வருமானச் சான்றுக்கு நம் கை ஓங்கியே இருக்கிறது. பென்ஷன் ஆணை நகல், ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் தளத்தில் எடுத்த பென்ஷன் சீட்டு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு. மாதாமாதம் தவறாமல் விழும் பென்ஷன் அவர்களுக்கு நம்பிக்கை தருகிறது. விண்ணப்பிக்கும் முந்தின வாரம் மச்சானிடம் கைமாற்று வாங்கி ஐந்து லட்சம் போட்டுக் காட்டாதீர்கள். அதைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய முறைப்படி, எல்லையில் முத்திரைக்குப் பதில் முகமும் கைரேகையும் பதிவாகின்றன. வரிசை நீளம். அடுத்த விமானத்துக்கு இடைவெளி தாராளமாக விடுங்கள்.

பிரிட்டன் விசா படிவத்தில் ராணுவப் பணி பற்றிக் கேட்கிறார்களே, சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா. அந்தப் படிவத்தில் ஆயுதப்படையில் வேலை செய்ததுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பதவி என்று உண்மையை எழுதுங்கள். மறைத்தால்தான் ஆபத்து. எனக்கும் என்னோடு விண்ணப்பித்த இரண்டு சகாக்களுக்கும் இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை அங்கே செல்லுமா?

செல்லாது. பயணக் காப்பீடு கட்டாயம். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் இருந்தால் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்க்கும் திட்டமாகப் பாருங்கள். பாலிகிளினிக்கில் மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, மருந்தின் அசல் பெயரோடு ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சீட்டு இல்லாமல் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூடத் தர மாட்டார்கள்.

பென்ஷன் நின்றுவிடுமா?

பயணத்தால் நிற்காது. உயிர்ச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் பயணத்தில் வந்தால்தான் கவனம் தேவை. கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்றை முடித்துவிடலாம்.

மொத்தம் எவ்வளவு ஆனது?

விமானம், விசா, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஐந்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. சின்னத் தொகை இல்லை. என் பையன், "அந்தக் காசுக்கு மாடியில் ஒரு ரூம் எழுப்பலாம்பா" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் போகாதீர்கள், மூன்று வருடம் சேர்த்து வைத்துப் போங்கள்.

ஈபிள் டவர், சுவிஸ் மலை என்று போகாமல் நீங்கள் ஏன் கல்லறைகளுக்குப் போனீர்கள்?

ஈபிள் டவரும் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் கிளம்பியதே பெயர்களைப் படிக்க. முதல் உலகப் போரில் நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள், 74,000 பேர் திரும்பவில்லை என்று ரெக்ரூட்டாக இருந்தபோது வகுப்பில் படித்தேன். அப்போது அது பரீட்சைக்கான எண்.

பிரான்சின் வடக்கே நூவ் ஷாப்பெல் என்ற சின்ன ஊர். லீல் நகரத்திலிருந்து போகலாம். ஊருக்கு வெளியே ஒரு நாற்சந்தியில், வட்டமான மதில் சுவருக்குள் இந்தியர்களுக்கான நினைவிடம். நடுவே சுமார் 15 மீட்டர் உயரத் தூண், அதன் தலையில் தாமரை, அடியில் இரண்டு புலிகள். மதிலின் ஒரு பக்கம் நம் ஊர்க் கல் ஜன்னல் போலத் துளைத்த வேலைப்பாடு, மறுபக்கம் பெயர்ப் பலகைகள். உடல் கிடைக்காமலே போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. 1927 அக்டோபரில் திறந்தது.

அந்த 1914-இல் லாகூர் டிவிஷன் செப்டம்பர் கடைசியிலும் மீரட் டிவிஷன் அக்டோபரிலும் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வெயில் காலத்து உடுப்போடு வந்தவர்களை அந்தக் குளிர்காலமே சேற்றுப் பள்ளத்தில் நிறுத்தினார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை இந்த ஊரைப் பிடிக்க நடந்த சண்டையில் கர்வால் ரைபிள்சின் கப்பர் சிங் நேகி இறந்துபோனார், விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த பிரிட்டிஷ் வீர விருதை இறந்த பிறகுதான் அவருக்குக் கொடுத்தார்கள். அவர் பெயரும் அந்தச் சுவரில்தான், மற்ற எல்லாப் பெயர்களின் அதே அளவு எழுத்தில்.

சுவரில் நான் தேடியது சாப்பர்களை, அதாவது எங்களைப் போன்ற ராணுவப் பொறியியல் வீரர்களை. எங்கள் மெட்ராஸ் கம்பெனிகள் அப்போது பிரான்சில் இல்லை, மெசபொடேமியாப் பக்கம் போனவர்கள். இங்கே நின்றவர்கள் பெங்கால் சாப்பரும் பாம்பே சாப்பரும். 1914 அக்டோபர் 28 அன்று பாம்பே சாப்பரின் இரண்டு கம்பெனிகள் 47-வது சீக்கியரோடு சேர்ந்து, துப்பாக்கி பிடித்துக் காலாட்படை போலவே ஊருக்குள் புகுந்து சண்டை போட்டன. அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோரும் விழுந்தார்கள். பாலம் கட்டவும் வழி திறக்கவும் பயிற்சி பெற்றவர்கள். 'சாப்பர்' என்ற பதவிக்குக் கீழே வரிசையாக வந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தூணடியில் கொஞ்சம் வைத்தாள். ஒரு மணி நேரம் இருந்தோம். வேறு யாரும் வரவில்லை. சுற்றிலும் காய்கறி வயல், தூரத்தில் டிராக்டர் சத்தம், அவ்வளவுதான்.

ஈப்ரில் தினமும் பிகில் ஊதுகிறார்களாமே?

பெல்ஜியத்தில் அந்த ஊர். மெனின் கேட் என்ற பெரிய வளைவு, உள்ளே 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி லாஸ்ட் போஸ்ட் என்ற இறுதி மரியாதைச் சுரத்தை ஊதுகிறார்கள். 1928-இலிருந்து நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கையில் ஊர் இருந்த நாலு ஆண்டு மட்டும் அங்கே நின்றது. ஊதுபவர்கள் பட்டாளத்துக்காரர்கள் அல்ல, ஊர்த் தீயணைப்புப் படையோடு சேர்ந்த பிகிலர்கள்.

ஏழரைக்கே போய் நின்றுவிடுங்கள். எட்டு மணிக்குச் சத்தம் அடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர் இருந்தார்கள், ஒரு இருமல்கூட இல்லை. பிகில் எழுந்ததும் எனக்குக் கால்கள் தானாக அட்டென்ஷனுக்கு வந்தன. ஹலசூர் சென்டரில் எத்தனையோ சகாக்களை வழியனுப்பிய அதே சுரம், ஒரு சுரம் மாறவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய சாவுக்கு, வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்க்காரர்கள் இன்று இரவும் ஊதுவார்கள். நம் ஊரில் போன மாதம் இறந்த ஹவில்தாருக்கு மூவர்ணக் கொடி போர்த்த ஆள் தேடினோம். அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

வளைவுக்குப் பக்கத்து மேட்டில் இந்தியப் படைக்கென்று தனி நினைவுக்கல் இருக்கிறது, பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

தமிழர்கள் சண்டை போட்ட இடம் ஏதாவது?

இத்தாலி. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசை. இரண்டாம் உலகப் போரில் 4, 8, 10-வது இந்திய டிவிஷன்கள் அங்கே சண்டையிட்டன. 4-வது டிவிஷனோடு போனவர்களில் எங்கள் மெட்ராஸ் சாப்பரும் உண்டு.

ரோமிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் கசினோ. மலை மேல் மடாலயம், 1944 பிப்ரவரி 15-இல் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கி, போருக்குப் பின் பழையபடியே கட்டியது. கீழே கல்லறைத் தோட்டம், 4,271 பேர். சிப்பாய்க்கும் கர்னலுக்கும் ஒரே உயரக் கல். இந்துக்களின் கல்லில் தேவநாகரியில் ஓம் பகவதே நமஹ என்று செதுக்கியிருக்கிறது. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் பச்சை நிறப் பளிங்குத் தூண்களில்.

கசினோவுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குள் மிஞ்ஞானோ. 1944 பிப்ரவரி 24 அன்று அங்கே கண்ணிவெடி அகற்றும்போது ஒரு கண்ணி தூண்டப்பட்டது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து உயிர் விட்டார் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், எங்கள் 11-வது பீல்டு பார்க் கம்பெனி. ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள். நான் ரெக்ரூட்டாக இருந்தபோது பயிற்சி கொடுத்த உஸ்தாத் எங்களை வரிசையில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கண்ணிவெடியோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். தூண்டப்பட்டதும் நமக்குக் கிடைப்பது எத்தனை நொடி என்று எனக்குத் தெரியும். அந்த நொடிக்குள் அந்த மனிதர் ஓடவில்லை. ரயில் மிஞ்ஞானோ ஸ்டேஷனைக் கடந்தபோது எழுந்து நின்றேன். எதிர் சீட் இத்தாலியப் பெண், இறங்கப் போகிறேன் என்று நினைத்து வழி விட்டார்.

கசினோவில் காரி ஆற்றையும் பாருங்கள். பாலாற்றோடு வைத்தால் வாய்க்கால், ஆனால் தண்ணீர் இழுக்கும். 1944 மே 11 இரவு 8-வது டிவிஷன் சாப்பர்கள் குண்டு மழையில் அதில் பாலம் போட்டு, விடிந்ததும் டாங்கிகளைக் கடத்தினார்கள். பகலில், அமைதியாக, எல்லாச் சாமானும் கையில் இருந்தாலே அது சுலப வேலை இல்லை.

பெயரை எப்படித் தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர், படைப்பிரிவு கொண்டு தேடலாம். கிளம்புமுன் பலகை எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் வாசல் சுவரில் சின்ன வெண்கலக் கதவு இருக்கும், உள்ளே பதிவேடு. தந்தை பெயர், கிராமம், மாவட்டம் வரை சிலருக்கு எழுதியிருக்கும். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அன்று எப்படி எழுதியிருப்பார்கள் என்று நாலைந்து விதமாக யோசித்துத் தேடுங்கள்.

பிரிட்டனில்?

பிரைட்டன். 1914 முதல் 1916 தொடக்கம் வரை அங்குள்ள அரண்மனையையே நம் காயப்பட்ட வீரர்களுக்கு ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே குன்றில் தகனம் செய்த இடத்தில் சத்ரி என்ற வெள்ளைச் சலவைக்கல் குவிமாட மண்டபம் நிற்கிறது, 1921 பிப்ரவரியில் திறந்தது. கார் போகாது, மேய்ச்சல் நிலத்தில் ஏறி நடக்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மெடல் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. யூனிபார்ம் வேண்டாம், கோட்டில் இடப்பக்கம் மெடல் போதும். தந்தை, தாத்தா மெடல் என்றால் வலப்பக்கம் அணிவது பிரிட்டிஷ் வழக்கம். ஈப்ரில் மலர் வளையம் வைக்க விரும்பினால் அதை நடத்தும் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். மெடலோடு நின்ற என்னிடம் வயதான பெல்ஜியக்காரர் ஒருவர் வந்து கை கொடுத்து, ஒன்றும் பேசாமல் போனார். ஐரோப்பாவில் எனக்குக் கிடைத்த சலுகை அதுதான்.

வயலில் கிடக்கும் தோட்டா, ஷெல் துண்டுகளை எடுத்து வரலாமா?

தொடவே கூடாது. இதை சாப்பராகச் சொல்கிறேன். அங்கே உழும்போது இன்றும் வெடிக்காத ஷெல்கள் வெளியே வருகின்றன, சிலவற்றில் விஷ வாயு. விவசாயிகள் வரப்போரம் எடுத்து வைக்க, ராணுவ நிபுணர்கள் வந்து அள்ளிப் போகிறார்கள். 'பழசு, செத்துப்போச்சு' என்று எந்த ஷெல்லையும் நம்பாதீர்கள். விமான நிலையத்தில் வெறும் தோட்டாக் கூடு இருந்தாலும் பிடிப்பார்கள்.

மற்றபடி ஐரோப்பா எப்படி இருந்தது?

சுத்தம், குளிர், நிறைய நடை. கருங்கல் பதித்த தெருக்கள், கேன்வாஸ் ஷூ போதாது. ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு, சில்லறை வைத்திருங்கள். காகித டிக்கெட்டை ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்தாமல் ஒரு நாட்டில் அபராதம் கட்டினேன், என் தப்புதான். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள். புளிக்காய்ச்சல் கொண்டு போனோம், அதுதான் காப்பாற்றியது.

உடம்போ பணமோ இடம் கொடுக்கவில்லை. என்ன செய்வது?

சென்னை நந்தம்பாக்கத்துக்குப் போங்கள். பூந்தமல்லி சாலையில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கசினோவில் பார்த்த அதே அளவுக் கல், அதே புல், அதே ஆணையத்தின் பராமரிப்பு. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் போரில் இறந்து, இந்தியாவில் வேறு வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரம் பேருக்கு மேல் தனிப் பலகையில் இருக்கிறார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அவர்கள் அம்மாக்களில் எத்தனை பேரால் மெட்ராஸ் வர முடிந்திருக்கும்? ஊர் திரும்பிய அடுத்த வாரம் நானும் மனைவியும் காலையில் போனோம். மீதியிருந்த விபூதிப் பொட்டலம் அவள் பையிலேயே இருந்தது.